ஓட்டு வீட்டுக் கூரை: மரத்தைப் பழுது பார்ப்பதா, புதிதாகப் போடுவதா?

பழைய ஓட்டு வீடு ஒழுக ஆரம்பித்ததும் குடும்பத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "எல்லாத்தையும் பிரிச்சுட்டு கான்கிரீட் போட்டுடலாம்" என்பது ஒரு கட்சி. "தாத்தா போட்ட தேக்கு, இன்னும் ரெண்டு தலைமுறைக்கு நிக்கும்" என்பது இன்னொன்று. மரத்தைத் தொட்டுப் பார்க்காமல் எந்தப் பக்கமும் சாயாதீர்கள். எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

ஓட்டுக் கூரையில் மூன்று அடுக்கு உண்டு. மேலே ஓடு. ஓட்டைத் தாங்குவது குறுக்கே ஓடும் மெல்லிய ரீப்பர். ரீப்பரைத் தாங்குவது, கூரை உச்சியில் நீளவாக்கில் கிடக்கும் முகட்டு மரத்திலிருந்து சுவர் வரை சரிவாக இறங்கும் கைமரம். மூன்றும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. முதலில் போவது பெரும்பாலும் ரீப்பர்தான். அதை மொத்தமாக மாற்ற வேண்டி வந்தாலும் கூரையே போய்விட்டது என்று அர்த்தமில்லை. கைமரமும் முகட்டு மரமும் எப்படி இருக்கின்றன என்பதுதான் உண்மையான கேள்வி.

படி 1: மழையில் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் நின்று, டார்ச் அடித்து, ஈரம் தெரியும் மரத்திலெல்லாம் சாக்பீஸால் குறி போடுங்கள். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் கைமரத்தின் வழியே பல அடி கீழே ஓடி வந்து சொட்டும். அதனால் சொட்டும் இடத்திலிருந்து முகட்டை நோக்கித் தேடிக்கொண்டே போங்கள். பிரித்துச் செய்யும் வேலையைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

படி 2: குத்திப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். ஒரு ஸ்க்ரூடிரைவர், சின்னச் சுத்தியல், உறுதியான ஏணி போதும். எல்லாம் வீட்டுக்குள் இருந்தபடியே. ஓட்டின் மேல் ஏறுவது பழகிய ஆளின் வேலை.

சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று கேட்கும், உளுத்தது பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்துங்கள். மேலே கொஞ்சம் உதிர்ந்து உள்ளே கெட்டியாக நின்றால் பயமில்லை. தேக்கு, வேங்கை போன்ற மரங்களில் வண்டு தின்பது பெரும்பாலும் வெளிறு எனும் வெளிப்புற மென்மரத்தைத்தான், வைரம் எனும் உள்ளிருக்கும் கெட்டி மரத்தை எளிதில் தொடாது. வெளிறைச் செதுக்கி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் மரத்தின் கனம் போதுமா என்று பார்த்தால் போதும். பனைமரத்தில் செய்த கைமரமான பனங்கையில் கதை தலைகீழ். அதற்கு வெளிப்பக்கம்தான் வைரம், உள்ளே மிருதுவான சோறு. வெளிப்பக்கமே மெத்தென்று இருந்தால் அந்தப் பனங்கை போய்விட்டது.

மரத்தில் ஓட்டை இருப்பதால் மட்டும் வண்டு இன்னும் இருக்கிறது என்று சொல்ல முடியாது. கீழே ஒரு கறுப்புத் துணியை விரித்து வைத்துச் சில வாரம் கழித்துப் பாருங்கள். புது மாவு விழுந்திருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. கரையானுக்கும் அப்படித்தான்: மண் பாதையை ஓரிடத்தில் உடைத்துவிடுங்கள். சில நாளில் திரும்பக் கட்டியிருந்தால், முதலில் அதற்கு மருந்து, அப்புறம்தான் தச்சு வேலை.

படி 3: சுவருக்குள் போகும் நுனி

சுவருக்குச் சுவர் குறுக்கே போகும் விட்டம் நடுவில் கல் மாதிரி இருந்தாலும், சுவருக்குள் நுழையும் அரை அடியில் இற்றுப்போயிருக்கும். ஈரமும் கரையானும் வரும் வழி அதுதான். ஒவ்வொரு நுனியையும் பக்கவாட்டிலும் அடியிலும் குத்திப் பாருங்கள். நுனியைச் சுற்றிச் சிமெண்ட் பூசி அடைத்திருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் மரம் உள்ளேயே புழுங்கும். திரும்பப் பொருத்தும்போது சுண்ணாம்புக் கலவை போட்டு, நுனியைச் சுற்றி ஒரு விரல் காற்று இடைவெளி விடச் சொல்லுங்கள்.

படி 4: தொய்வு

கைமரத்தின் இரு முனைக்கும் நூல் கட்டி, நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். பழைய மரம் கொஞ்சம் தொய்வது இயல்பு. அடுத்த மழைக்காலம் முடிந்தும் அதே அளவு என்றால் சரி. கூடிக்கொண்டே போனாலோ, குறுக்கே விரிசல் தெரிந்தாலோ காத்திருக்காமல் முட்டுக் கொடுத்துவிட்டு, கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

படி 5: முடிவு

மொத்தக் கைமரம் எத்தனை, கெட்டது எத்தனை என்று எண்ணுங்கள். நாலில் ஒரு பங்குக்குள் இருந்து, முகட்டு மரம் நன்றாக இருந்தால் பழுது பார்ப்பதே சரி என்பேன். நுனி மட்டும் போன மரத்துக்கு, கெட்டதை வெட்டி, நல்ல மரத்தைச் சாய்வு வெட்டில் இணைத்து போல்ட் போடலாம். பலம் குறைந்த மரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சட்டத்தைச் சேர்த்து முடுக்கலாம். காரைக்குடிப் பக்கம், இடித்த வீடுகளின் பழைய மரம் விற்கும் கடைகள் உண்டு. நன்கு காய்ந்த மரம் என்பதால் புது மரம் போல முறுக்கிக்கொள்ளாது.

பாதிக்கு மேல் கெட்டு, முகட்டு மரமும் உளுத்திருந்தால் மாற்றுங்கள். அப்போதும் கான்கிரீட்டுக்குப் போகும் முன் சுவரை நினையுங்கள். மங்களூர் ஓடும் ரீப்பரும் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ. 5 அங்குலக் கான்கிரீட் தளம் 300 கிலோவைத் தாண்டும். மண் சாந்தில் கட்டிய சுவர் அந்தப் பாரத்துக்காகக் கட்டப்பட்டதே இல்லை. பொறியாளர் சுவரையும் அஸ்திவாரத்தையும் பார்த்துச் சரி என்று சொல்லாமல் போடக் கூடாது. இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, பழைய ஓட்டையே மேலே போடுவது நல்ல நடுவழி. தகரம் மலிவுதான், ஆனால் சித்திரை வெயிலில் அதன் கீழே இருக்க முடியாது.

படி 6: ஆசாரியிடம் பேசும்போது

உங்கள் எண்ணிக்கையைக் காட்டி, மரம் மரமாக விலை கேளுங்கள். "மொத்தமா இவ்வளவு" என்ற பேச்சில் நல்ல மரமும் சேர்ந்து இறங்கிவிடும். ஓடு பிரிக்கும்போது இரண்டு சரிவிலும் சமமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் காலியானால் பாரம் சாய்ந்து சட்டம் நகரும். ஓட்டில் பதிந்திருக்கும் ஆலைப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆலைக்கு ஆலை அச்சு வேறு, ஒன்றோடொன்று சரியாகப் பூட்டாது. உடைந்ததற்கு ஈடாக அதே ஓட்டைத் தேடி வாங்கி, கொஞ்சம் கூடுதலாகவும் எடுத்து வையுங்கள். அதே ஓடு கிடைக்காவிட்டால், ஒரு சரிவு முழுக்கப் பழைய ஓடு, மறு சரிவு முழுக்கப் புது ஓடு என்று பிரித்துப் போடலாம்.