கொழும்பு வெக்கைக்குத் தண்ணீர்க் கூலர்: முதல் தடவை பொருத்துவோருக்கு

கொழும்பில் பகல் வெப்பநிலை வருடம் முழுக்க 30, 31 பாகையைச் சுற்றியே நிற்கிறது. ஏசி இல்லாத அறையில் கணினி இருந்தால் அதற்குள் போகும் காற்றும் அந்தச் சூடுதான். தண்ணீர்க் கூலர் வாங்க நினைப்பவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதை. தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, சிப்பிலிருந்து (கணினியின் சீபீயூ) ரேடியேற்றருக்குச் (ஃபேன் பூட்டிய மடிப்புத் தகடு) சுமந்து போகிறது, அவ்வளவுதான். ரேடியேற்றருக்குள் புகும் காற்றைவிடக் குளிராக அந்தத் தண்ணீர் ஒருநாளும் ஆகாது. வெளிநாட்டு விமர்சகர்கள் 21, 22 பாகை அறையில் அளந்து 70 என்று காட்டும் சிப், வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் 80 காட்டும். கூலரில் பிழை இல்லை.

இதே காரணத்தால் ஒரு பயமும் தேவையற்றது. ஈரப்பதன் கூடிய ஊர், ரியூபில் வியர்த்துத் தண்ணீர் மதர்போட்டில் சொட்டும் என்று சிலர் தயங்குகிறார்கள். அறைக் காற்றைவிடச் சூடாக இருக்கும் பொருளில் வியர்வை படியாது.

எந்த அளவு வேண்டும்?

டிடிபி (சிப்பின் சூட்டுக்குத் தயாரிப்பாளர் தரும் வாட் கணக்கு) என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ரைசன் 5 7600 இன் டிடிபி 65 வாட், ஆனால் அது 88 வாட் வரை இழுக்கும். ரைசன் 7 7800எக்ஸ்3டி க்கு 120 என்று சொல்வார்கள், எல்லை 162. ரைசன் 9 9950எக்ஸ் 230 வாட் வரை போகும். கோர் ஐ7-14700கே 253 வாட்.

7600 க்குத் தண்ணீரே வேண்டாம். நல்ல காற்றுக் கூலர் ஒன்று தாராளமாகப் போதும். அதற்கு 360 மி.மீ. ரேடியேற்றர் மாட்டுவது கொத்து ரொட்டியை வெள்ளித் தட்டில் பரிமாறுவது போல. பார்க்க அழகு, ருசி அதேதான்.

ரேடியேற்றர் அளவுகளை ஃபேனின் பரப்பை வைத்து ஒப்பிடுங்கள். 240 என்றால் இரண்டு 120 மி.மீ. ஃபேன், 288 சதுர செ.மீ. 280 என்றால் இரண்டு 140 மி.மீ. ஃபேன், 392. 360 என்றால் 432. ஆக 280 இன் இடம் 360 க்குக் கிட்டத்தான். இது பலருக்குத் தெரியாது, அதனாலேயே 280 கடைகளில் தூசி பிடித்துக் கிடக்கும். 7800எக்ஸ்3டி போன்றவற்றுக்கு 240 அல்லது 280 போதும். 230 வாட்டுக்கு மேல் போகும் சிப், ஏசி இல்லாத அறை என்றால் 360 க்குக் குறைய எடுக்க வேண்டாம். 120 மி.மீ. ஒற்றை ஃபேன் ரேடியேற்றரை எதற்கும் எடுக்காதீர்கள், அதே காசுக்கு வரும் காற்றுக் கூலர் அதைத் தோற்கடித்துவிடும்.

இன்டெல் 13, 14 ஆம் தலைமுறை சிப் வைத்திருப்பவர்கள் கூலர் வாங்குமுன் பயோஸைப் (மதர்போட்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பியுங்கள். அளவுக்கு மீறிய மின்னழுத்தம் சிப்பைப் பழுதாக்கும் குறையை இன்டெல் 2024 இல் திருத்தியது. எவ்வளவு பெரிய ரேடியேற்றரும் அந்தக் குறையை ஈடுசெய்யாது.

கடைக்குப் போகுமுன் அளவு நாடாவை எடுங்கள்

ஆரம்பிப்பவர்கள் காசை வீணாக்குவது பெரும்பாலும் இங்கேதான். ‘360 ஆதரவு’ என்று கேஸ் பெட்டியில் இருப்பதை நம்பி வாங்கி, வீட்டில் வந்து பார்த்தால் மேலே ஏறாது.

வழக்கமான ரேடியேற்றரின் தடிப்பு 27 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., சேர்த்து 52. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 போன்றவற்றில் ரேடியேற்றர் மட்டுமே 38 மி.மீ., மொத்தம் 63. மேலே பொருத்துவதானால் கேஸின் மேல்தகட்டுக்கும் மதர்போட்டின் மேல் ஓரத்துக்கும் இடையே அந்த அளவு இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஃபேன் ரெம்மின் (நினைவகத் தகட்டின்) தலையில் இடிக்கும். ஒளிரும் ரெம் 44 மி.மீ. உயரம்கூட வரும், சாதாரணமானது 31 முதல் 35. சில கேஸ்களில் மேல் துளைகள் கண்ணாடிப் பக்கமாகத் தள்ளி இருக்கும், அப்படியானால் கொஞ்சம் தப்பலாம்.

நீளத்தையும் மறக்காதீர்கள். 360 என்பது ஃபேன்களின் நீளம் மட்டுமே. இரண்டு முனைத் தொட்டிகளும் சேர்ந்து 395 மி.மீ. அளவுக்கு வரும்.

முன்னால் பொருத்தினால் கிராஃபிக்ஸ் கார்டின் இடத்தைத் திருடும். கேஸ் விவரத்தில் 380 மி.மீ. கார்ட் போகும் என்றிருந்தால், அது பெரும்பாலும் முன்னால் ஒன்றும் இல்லாத நிலையில் அளந்தது. 52 ஐக் கழித்தால் 328. உங்கள் கார்ட் 330 என்றால் இரண்டு மில்லிமீற்றரில் கதை முடிந்தது.

மேலேயா முன்னாலேயா? முன்னால் வைத்தால் சிப்புக்கு வெளிக் காற்று நேரே கிடைக்கும், ஆனால் சூடேறிய காற்று கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும். கேம் விளையாடுபவர்களின் கேஸில் பெரிய சூடு கார்டிலிருந்துதான் வருகிறது. எனவே ரேடியேற்றரை மேலே வைத்து ஃபேன்கள் காற்றை வெளியே தள்ளும்படி செய்யுங்கள். முன்னால் குறைந்தது இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்கட்டும். முன்பக்கம் முழுக் கண்ணாடியாக மூடிய கேஸ் கொழும்புக்கு ஆகாது. வலை போட்ட முகப்பு எடுங்கள்.

எங்கே வைத்தாலும் ஒரு விதி. பம்ப், ரியூப், ரேடியேற்றர் எல்லாம் ஒன்றாக இணைத்துத் தண்ணீர் நிரப்பி மூடி வரும் கூலரை ஏஐஓ என்பார்கள். அதற்குள் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும், வருடம் போகப் போக ரியூப் வழியே ஈரம் கசிந்து அது கூடும். காற்று லூப்பின் (தண்ணீர் சுற்றிவரும் பாதையின்) உச்சிக்கு ஏறும். உச்சியில் இருப்பது ரேடியேற்றராக இருந்தால் பாதகமில்லை, பம்பாக இருந்தால் அது வறண்டு இரைந்து சாகும். பம்ப் பெரும்பாலும் சிப்பின் மேல் உட்காரும் தலைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ரேடியேற்றரைக் கேஸின் அடியில் வைக்கக் கூடாது. முன்னால் வைப்பதானால் ரியூப் கீழ்ப்பக்கமாக வரட்டும், ரேடியேற்றரின் மேல் முனை பம்பைவிட உயர்ந்து நிற்கட்டும்.

கடையில்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கினால் அநேகமாக எல்லா அளவும் கிடைக்கும். விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். “அண்ணை, இது எப்ப வந்த ஸ்ரொக்? வொறன்ரி உங்கட கடையா, ஏஜென்ரா?” என்று கேளுங்கள். பழுதானால் யார் மாற்றித் தருவார்கள் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். பாவித்த ஏஐஓ எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அதற்குள் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை.

மதர்போட்டில் சிப் உட்காரும் சொக்கெற்றையும் சரிபாருங்கள். ஏஎம்5 ரைசனுக்கு, எல்ஜிஏ எண்கள் இன்டெலுக்கு. ஏஎம்5 மதர்போட்டின் பின்தகடு அப்படியே இருக்கும், முன்னாலுள்ள பிளாஸ்ரிக் தாங்கிகளை மட்டும் கழற்ற வேண்டும். எல்ஜிஏ1700 இன் துளைகள் 78 மி.மீ. இடைவெளி, அதற்கு முந்திய எல்ஜிஏ1200 இல் 75. பழைய பின்தகடு பொருந்தாது. எல்ஜிஏ1851 க்கும் அதே 78 தான்.

பொருத்தும் ஒழுங்கு

மதர்போட்டைக் கேஸுக்குள் வைத்ததும், ரேடியேற்றரைத் தொடுமுன் சிப்புக்கான 8 முள் பவர் வயரைச் செருகுங்கள். அந்த இணைப்பு இடது மேல் மூலையில் இருக்கும். ரேடியேற்றர் ஏறிய பிறகு அங்கே விரல் போகாது, எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டி வரும்.

அடுத்து ஃபேன்களை ரேடியேற்றரில் மாட்டுங்கள். ஃபேனின் சட்டத்தில் குறுக்குக் கைகள் தெரியும் பக்கமாகக் காற்று வெளியேறும். ஃபேனுக்கு நீளத் திருகாணி, கேஸ் தகட்டுக்குக் குட்டைத் திருகாணி. நீளமானதைத் தகட்டு வழியே நேரே ரேடியேற்றருக்குள் முறுக்கினால் அதன் முனை தண்ணீர் ஓடும் குழாயைக் குத்திவிடும். ஒழுகலுக்கு இதைவிட வேகமான வழி கிடையாது.

ரேடியேற்றரைக் கேஸில் பிடிக்கும்போது எல்லாத் திருகாணியையும் அரைகுறையாகப் போட்டு, பிறகு இறுக்குங்கள். பம்ப் தலை ரியூபில் தொங்காமல் ஒரு கை தாங்கட்டும்.

இனித் தலை. செப்புத் தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் தாளை உரியுங்கள். சிரிக்க வேண்டாம், ஒன் செய்த உடனே சூடு 95 ஐத் தொடுவதற்குப் பொதுவான காரணங்களில் அந்தத் தாளும் ஒன்று. தட்டில் சாம்பல் நிறப் பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருந்தால் விரல் படாமல் அப்படியே வையுங்கள், மேலே இன்னொரு பேஸ்ட் போட வேண்டாம். இல்லாவிட்டால் ஏஎம்5 சிப்பின் நடுவில் பட்டாணி அளவு. எல்ஜிஏ1700 நீள்சதுரம் என்பதால் நீளவாக்கில் ஒரு கோடு, அல்லது மெல்லிய குறுக்குக் கோடுகள் இரண்டு.

தலையை நேரே மேலிருந்து இறக்குங்கள், தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தால் பேஸ்டுக்குள் காற்றுக் குமிழ் சிக்கும். ஒரு மூலையில் இரண்டு சுற்று, அதற்கு நேர் எதிர் மூலையில் இரண்டு சுற்று என்று மாறி மாறி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் தலை சரியும், சிப்பின் ஒரு பாதி குளிராகவும் மறு பாதி கொதித்தும் கிடக்கும். திருகாணி தானாக நின்றதும் விட்டுவிடுங்கள்.

வயர்களில் மூன்றைக் கவனித்தால் போதும். பம்ப் வயரை மதர்போட்டில் ‘ஏஐஓ பம்ப்’ என்றிருக்கும் இடத்தில் செருகி, பயோஸில் முழு வேகத்துக்கு வையுங்கள். ஃபேன்கள் ‘சீபீயூ ஃபேன்’ இடத்துக்குப் போகட்டும். அது வெறுமையாக இருந்தால் பல மதர்போட்கள் ஃபேன் இல்லை என்று சொல்லித் தொடக்கத்திலேயே நின்றுவிடும். மூன்றாவது ஒளி வயர்: 3 முள் உள்ளது 5 வோல்ற், 4 முள் உள்ளது 12 வோல்ற். 5 வோல்ற் விளக்கை 12 இல் செருகினால் ஒரு நொடியில் எரிந்துபோகும்.

ஒன் செய்த பிறகு

முதலில் பயோஸிலேயே பம்பின் சுழற்சி எண்ணைப் பாருங்கள். பூச்சியம் என்றால் உடனே நிறுத்துங்கள். முதல் சில மணி நேரம் சலசலப்புக் கேட்கலாம். கேஸை நிறுத்திவிட்டு முன்னும் பின்னும் மெதுவாகச் சரித்தால் குமிழ் ரேடியேற்றருக்கு ஏறிவிடும்.

சினிபெஞ்ச் போன்ற சோதனையை 20 நிமிடம் ஓடவிட்டு, சூடு *எப்படி* ஏறுகிறது என்று பாருங்கள். இரண்டு நொடியில் எல்லையைத் தொட்டால் தலைக்கும் சிப்புக்கும் தொடுகை சரியில்லை, கழற்றிப் பேஸ்ட் படிந்த தடத்தைப் பாருங்கள். 15 நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறினால் ரேடியேற்றர் சிறியது அல்லது கேஸுக்குள் காற்றுப் போதாது. இரண்டு ரியூபையும் தொட்டுப் பாருங்கள். ஓட்டம் சரியாக இருந்தால் வித்தியாசம் கைக்கு அநேகமாகத் தெரியாது. நிமிடத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீர் 200 வாட்டைச் சுமக்கும்போது 3 பாகைதான் சூடேறுகிறது. ஒன்று கொதித்து மற்றது குளிர்ந்திருந்தால் தண்ணீர் ஓடவில்லை.

ரைசன் 9 9950எக்ஸ் 95 பாகை வரை போவதைப் பார்த்துப் பதற வேண்டாம், அந்த எல்லைவரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும்படி செய்ததுதான். 7800எக்ஸ்3டி யின் எல்லை 89, 14700கே யினது 100.

ஃபேன் வேகத்தைச் சிப்பின் சூட்டோடு இணைத்தால் ஒரு பிரவுசர் திறந்தாலும் ஃபேன் உறுமும். தண்ணீரின் சூட்டைக் காட்டும் ஏஐஓ என்றால் அதோடு இணையுங்கள். குளிர்நாட்டுக்காரர் போட்ட 30 பாகைத் தொடக்கத்தை அப்படியே எடுக்காதீர்கள், இங்கே தண்ணீர் சும்மா இருக்கும்போதே அதைத் தாண்டியிருக்கும். 38 இல் மெல்லத் தொடங்கி 50 இல் முழு வேகம் என்று வையுங்கள். 60 ஐத் தண்ணீர் தொடவே கூடாது.

மின்வெட்டு வந்தால் பம்பும் சிப்பும் ஒன்றாகவே நிற்கும், கூலருக்குக் கெடுதல் இல்லை.

தனித்தனியாகச் சேர்க்கும் லூப் பற்றிக் கொஞ்சம்

முதல் கணினிக்கு இது வேண்டாம் என்பதே நேர்மையான பதில். பிடிவாதமாக இருப்பவர்களுக்கு: சிப்பின் மேல் உட்காரும் பிளாக், ஒரு ரேடியேற்றர், தொட்டியோடு சேர்ந்த பம்ப் என்று மூன்று உறுப்பு, ஒவ்வொன்றுக்கும் இரண்டாக ஆறு பிட்டிங் (ரியூபை இறுக்கும் இணைப்பு), 10/16 மி.மீ. மென் ரியூப் இரண்டு மீற்றர், ஒரு லீற்றர் கூலன்ற், கீழே வடிக்க ஒரு வால்வு. ரியூபின் அளவும் பிட்டிங்கின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், 10/13 பிட்டிங்கில் 10/16 ரியூப் இறுகாது. தொட்டி பம்புக்கு முன்னால் வரட்டும். மற்ற ஒழுங்கு எப்படியிருந்தாலும் மேலே சொன்ன அந்த 3 பாகைதான் வித்தியாசம்.

செப்புப் பிளாக்கோடு அலுமினிய ரேடியேற்றரைச் சேர்க்காதீர்கள். இரண்டு உலோகமும் ஒரே நீரில் மின்கலம் போல வேலை செய்து அலுமினியம் அரித்துப்போகும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம். பற்றரிக்கு விடும் தண்ணீர் வாங்கினால் வடித்த நீர்தானா, அமிலம் கலந்ததா என்று லேபிளை வாசியுங்கள். வடித்த நீரானாலும் அரிப்புத் தடுப்பானும் பாசிக்கொல்லியும் சேர்க்காமல் ஓட்டக் கூடாது. அக்ரிலிக் தொட்டியை ஸ்பிரிற்றால் துடைத்தால் வெடிப்பு விழும்.

நிரப்பும்போது மதர்போட்டுக்கு மின்சாரம் போகக் கூடாது. 24 முள் வயரையும் சிப்புக்கான 8 முள் வயரையும் கிராஃபிக்ஸ் கார்டின் பவர் வயரையும் கழற்றி, 24 முள் முனையில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் இணைத்துப் பவர் சப்ளையைத் தனியே எழுப்பி, பம்பை மட்டும் சில நொடிகள் ஓட்டி நிறுத்துங்கள். தொட்டி காலியாகுமுன் நிறுத்தி மீண்டும் நிரப்புங்கள், வறண்ட பம்ப் சில நிமிடத்தில் பழுதாகும். நிரம்பியதும் ஒவ்வொரு பிட்டிங்கின் கீழும் ரிசு மடித்து வைத்து 24 மணி நேரம் ஓட விடுங்கள். ரிசு உலர்ந்தே இருந்தால் கழற்றிய வயர்களை மறுபடி செருகலாம்.

ஏஐஓ வோ லூப்போ, காலி வீதிக் கடற்கரைப் பக்க மாடி வீடுகளில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து ரேடியேற்றர் மடிப்புகளை அடைத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வலையைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து, மென்மையான தூரிகையால் மடிப்புகளைத் தட்டுங்கள். புளோவர் பிடிப்பதானால் ஃபேன் இறக்கையை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, காற்று வெளியேறும் பக்கத்திலிருந்து ஊதுங்கள்.