ஜெர்மனியில் மருத்துவமனை வேலை: ஊரின் அழகைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்

தெற்கு ஜெர்மனி மருத்துவமனைகளின் வேலை விளம்பரங்களில் ஒரு வாசகம் அடிக்கடி தென்படும்: மற்றவர்கள் விடுமுறைக்கு வரும் இடத்தில் நீங்கள் வேலை பார்க்கலாம். கூடவே ஆல்ப்ஸ் மலை, நீல ஏரி, சைக்கிளில் சிரித்துக்கொண்டு போகும் ஒரு நர்ஸ். படத்தில் பொய் ஒன்றும் இல்லை. அல்கொய், போடன்ஸே ஏரிக்கரை, கார்மிஷ்-பார்டென்கிர்ஷென் எல்லாம் உண்மையிலேயே அழகான இடங்கள்தான். ஆனால் ஒரு மருத்துவமனை வார்டைக் காட்டாமல் மலையைக் காட்டி ஆள் தேடுகிறது என்றால், அங்கே ஆள் கிடைப்பது சிரமம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஏன் சிரமம் என்று கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து வருபவை.

வீட்டிலிருந்து தொடங்கலாம். சுற்றுலாப் பயணிகள் விரும்பும் ஊரில் வீட்டுக்காரருக்கு இரண்டு வழிகள் உண்டு: விடுமுறைக்கு வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம், அல்லது உங்களுக்கு மாத வாடகைக்கு விடலாம். எதில் காசு அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஊர் சின்னது, வாடகையும் குறைவாக இருக்கும் என்ற நம் கணக்கு இங்கே பலிக்காது. வாடகை எவ்வளவு என்று கேட்கும்போது அது 'கால்ட்'டா 'வார்ம்'மா என்றும் கேளுங்கள். முதலாவதில் வெறும் வீடு மட்டும்தான். வெப்பம், தண்ணீர், குப்பைக் கட்டணம் எல்லாம் தனி. முன்பணமாக மூன்று மாத கால்ட் வாடகை வரை கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது.

பல மருத்துவமனைகள் ஊழியர் விடுதியில் அறை தருகின்றன. முதல் சில மாதங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஒப்பந்தத்தில் அந்த அறை எத்தனை மாதத்துக்கு என்று பாருங்கள். தகுதிகாண் காலம் எனப்படும் முதல் 6 மாதங்களில் இரண்டு தரப்பில் யார் வேண்டுமானாலும் 2 வார நோட்டீஸில் வேலையை முறித்துக்கொள்ளலாம். வேலையும் அறையும் ஒரே கையில் இருந்தால், இரண்டும் ஒரே மாதத்தில் போகவும் வாய்ப்பு உண்டு.

அடுத்தது, பலர் யோசித்தே பார்க்காத விஷயம்: பஸ். காலை ஷிப்ட் பெரும்பாலும் 6 மணி சுமாருக்குத் தொடங்கும். நகரம் என்றால் பிரச்சினை இல்லை. மலையடிவாரக் கிராமத்தில் வாடகை குறைவு என்று வீடு எடுத்தவர், முதல் பஸ்ஸே 6 மணிக்கு மேல்தான் என்று வந்த பிறகு தெரிந்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமை நிலைமை இன்னும் மோசம். சரி, கார் வாங்கிக்கொள்ளலாம் என்றால், இந்திய ஓட்டுநர் உரிமம் ஜெர்மனியில் குடியேறிய 6 மாதம் வரைதான் செல்லும். அதன் பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் புதிதாக எழுத வேண்டும். செலவு 2,000 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே வீடு பார்க்கும் முன் பஸ் நேர அட்டவணையைப் பாருங்கள். ஜூலை மாதத்து அட்டவணையை மட்டும் பார்க்காமல் நவம்பரையும் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துப் பாருங்கள்.

நர்ஸ்களைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய அதிர்ச்சி வேலையிலேயே இருக்கிறது. நம் ஊரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஐசியுவில் வேலை பார்த்தவர் ஊசி, மருந்து, கண்காணிப்பு என்று பழகியிருப்பார். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, துணி மாற்றுவது பெரும்பாலும் அட்டெண்டர் கையிலோ நோயாளியின் குடும்பத்தார் கையிலோ இருக்கும். ஜெர்மனியில் அதெல்லாம் நர்ஸின் வேலை. உடன் தங்கும் உறவினர் கிடையாது. மாறாக, நாம் தினமும் செய்துவந்த சில வேலைகளை அங்கே டாக்டர்தான் செய்வார். இதைத் தரக்குறைவு என்று நினைத்துக் கசந்துபோகிறவர்கள் உண்டு. அது வேறு மாதிரியான நர்சிங், அவ்வளவுதான் என்பது என் எண்ணம். ஆனால் அதை விமானம் ஏறும் முன் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. நேர்காணலில், எந்த வார்டு, ஒரு ஷிப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள், இரவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம். அங்கே இது சாதாரணக் கேள்வி.

விளம்பரத்தில் போட்டிருக்கும் சம்பளம் முதல் மாதமே வரும் என்று நம்புவதும் தவறு. இந்தியப் படிப்பு அங்கீகரிக்கப்படும் வரை நீங்கள் உதவியாளராகவே கணக்கில் வருவீர்கள், சம்பளமும் அதற்கேற்ப. அங்கீகார அலுவலகம் உங்கள் படிப்பில் எது குறைகிறது என்று எழுதித் தரும். அதை ஈடுகட்ட ஒரு பயிற்சிக் காலம் முடிக்கலாம், அல்லது அறிவுத் தேர்வு எழுதலாம். இதில் எது, எங்கே, யார் செலவில் என்பதை மருத்துவமனையிடம் எழுத்தில் வாங்குங்கள். அங்கீகாரம் மாநில அரசுகளின் பொறுப்பு, ஜெர்மனியில் 16 மாநிலங்கள். நடுவில் அழகான வேறு மாநிலம் கண்ணில் பட்டு மனம் மாறினால், கோப்பும் காலமும் இழுத்தடிக்கும்.

டாக்டர்களுக்கு மொழித் தேர்வும் மாநில மருத்துவர் சங்கத்தின் கையில்தான்: நோயாளியுடன் பேசுவது, அறிக்கை எழுதுவது, இன்னொரு டாக்டரிடம் விளக்குவது, ஒவ்வொன்றும் 20 நிமிடம். இதற்கு எல்லோரும் தயாராகிறார்கள். கோட்டை விடுவது வேறோர் இடத்தில். சிறப்பு மருத்துவர் ஆக 5 அல்லது 6 ஆண்டு பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைத் தரும் அனுமதி தலைமை மருத்துவரின் பெயரில் இருக்கிறது, அதுவும் இத்தனை மாதங்களுக்கு என்று. ஏரிக்கரையில் இருக்கும் சிறிய மருத்துவமனையில் 24 மாதத்துக்கு மட்டுமே அனுமதி இருக்கலாம். மீதிக்கு வேறு ஊர் தேட வேண்டும். தலைமை மருத்துவர் ஓய்வு பெற்றால் அந்த அனுமதியும் அவரோடு போய்விடும். எத்தனை மாதம், அவர் இன்னும் எத்தனை ஆண்டு இருப்பார் என்று கேட்காமல் சேராதீர்கள். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மருத்துவமனைச் சீர்திருத்தச் சட்டத்தால் சிறிய மருத்துவமனைகள் சில பிரிவுகளை இழக்கலாம் என்பதும் கவனத்தில் இருக்கட்டும்.

மொழி பற்றி ஒன்று மட்டும். பி2 (ஆறு மொழிப் படிகளில் நான்காவது) சான்றிதழில் இருக்கும் ஜெர்மன் வேறு, அல்கொய் கிராமத்துப் பாட்டி வலியில் பேசும் ஜெர்மன் வேறு. புரியவில்லை என்றால் தலையாட்டாமல் திரும்பக் கேளுங்கள். மருந்து விஷயத்தில் தலையாட்டுவது ஆபத்து.

கிறிஸ்தவர்கள் கவனிக்க: நகராட்சியில் முகவரி பதியும்போது மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்று பதிவானால் சம்பளத்தில் தேவாலய வரி பிடிப்பார்கள். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் அது வருமான வரித் தொகையில் 8%, மற்ற மாநிலங்களில் 9%. முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைக்காமல் இருக்க முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஏஜென்சிக்கு லட்சக்கணக்கில் கொடுப்பது தேவையே இல்லாத தவறு. ஆள் தேவை மருத்துவமனைகளுக்கு. நர்ஸ்களை எடுப்பதில் நேர்மையான முறை, செலவை மருத்துவமனை ஏற்பதுதான். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். தமிழ்நாட்டில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். 'இலவசம்' என்று சொல்லும் ஒப்பந்தத்திலும், சில ஆண்டுகளுக்குள் விலகினால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி ஒளிந்திருக்கும். தொகை எவ்வளவு, மாதம் ஆக ஆகக் குறைகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், குடும்பம். ஒரு வயது முடிந்த குழந்தைக்குப் பகல் காப்பகத்தில் இடம் பெற 2013 முதல் சட்டப்படி உரிமை உண்டு, ஆனால் இடம்தான் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பல காப்பகங்கள் 7 மணிக்கு மேல்தான் திறக்கும், உங்கள் ஷிப்டோ 6 மணிக்கு. மருத்துவமனைக்குச் சொந்தக் காப்பகம் இருக்கிறதா, காத்திருப்புப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று வேலை உறுதியான அன்றே கேட்டு, குழந்தையின் பெயரையும் பதிந்துவிடுங்கள்.