கால்களை மட்டும் அனுப்பாதீர்கள்: பிள்ளைகளுக்குக் கடை, சமையல், சாலை பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நோட்டில் பின்னக் கணக்கைத் தப்பில்லாமல் போடுகிறது. அதே பிள்ளையிடம், கிலோ 48 ரூபாய் விற்கும் தக்காளியில் முக்கால் கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்டால் முழிக்கிறது. கணக்கு தெரியாமல் இல்லை. அந்தக் கணக்கைக் கடையில் நின்று போடும் வேலை அதற்கு ஒருநாளும் வந்ததில்லை, அவ்வளவுதான். பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் வீடுகளிலும் பெரும்பாலும் நடப்பது இதுதான்: எதை வாங்குவது, எவ்வளவு, என்ன விலைக்கு என்பதையெல்லாம் பெரியவர்களே முடிவு செய்துவிட்டு, பிள்ளையின் கால்களை மட்டும் அனுப்புகிறார்கள். முடிவெடுக்கும் பங்கு கைமாறாதவரை பிள்ளை பழகுவது நடையை மட்டும்தான்.

கடை

முதல் தவறு வாயால் சொல்லி அனுப்புவது. "துவரம்பருப்பு, கடுகு, ஒரு தேங்காய், அப்படியே பால்" என்று வாசலில் நின்று அடுக்கினால் பாதி வழியில் இரண்டு பறந்துவிடும். அப்புறம் மறதிக்காரப் பிள்ளை என்ற பட்டம். நாமே சீட்டு எழுதிக் கொடுப்பது அடுத்த தவறு. அண்ணாச்சி சீட்டை வாங்கிப் படித்துக் கட்டிக் கொடுத்துவிடுவார், பிள்ளை வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது. நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளையே எழுதட்டும். பொருளுக்கு நேரே அளவும் இருக்க வேண்டும்: துவரம்பருப்பு அரைக் கிலோ, கடுகு 100 கிராம். முதல் சில வாரங்களுக்கு மூன்று பொருளுக்கு மேல் வேண்டாம்.

பலர் யோசிக்காத இடம், பொருள் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பது. நீலப் பாக்கெட் பால் தீர்ந்துபோயிருந்தால் பச்சையை வாங்கலாமா, வெறுங்கையோடு வர வேண்டுமா? இதைச் சொல்லாமல் அனுப்பினால் பிள்ளை கடை வாசலில் திகைத்து நிற்கும், அல்லது கடைக்காரர் எடுத்து நீட்டியதை வாங்கி வரும். இரண்டுக்கும் திட்டு விழும். "இது இல்லாட்டி அது, அதுவும் இல்லாட்டி நீயே பாத்து முடிவு பண்ணு" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்தக் கடைசித் துண்டுதான் பாடமே. பிள்ளை எடுத்துவந்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அன்றைக்கு அதை வைத்துத்தான் சமைக்க வேண்டும். திருப்பிக் கொடுத்து மாற்றி வரச் சொன்னால், அடுத்த முறை அது எதையும் முடிவு செய்யாது.

மீதிச் சில்லறை எண்ணுவதில் பள்ளிக் கணக்கு கைகொடுக்காது. 63 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய் நீட்டினால், நூறிலிருந்து அறுபத்துமூன்றைக் கடன் வாங்கிக் கழிக்கக் கடையில் தாளும் இல்லை, நேரமும் இல்லை. கடைக்காரர்கள் கழிப்பதில்லை, ஏற்றிக்கொண்டு போகிறார்கள்: 63-க்கு மேல் 7 போட்டால் 70, அதற்கு மேல் 30 போட்டால் 100, ஆக 37. இந்த ஏற்றுக் கணக்கை வீட்டில் உண்மையான காசை வைத்துப் பத்து நிமிடம் பழக்கினால் போதும். எடைக் கணக்குக்கும் ஒரு சுருக்கம் உண்டு. கிலோ விலை பூஜ்யத்தில் முடிந்தால், அந்தப் பூஜ்யத்தைத் தள்ளினால் 100 கிராம் விலை. கிலோ 60 என்றால் 100 கிராம் 6 ரூபாய், 350 கிராம் 21 ரூபாய். முக்கால் கிலோவுக்குப் பாதியும், பாதியின் பாதியும்: 48-ல் 24, 12, கூட்டினால் 36.

சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பது நம்மூர்க் கடைகளின் பழைய வழக்கம். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வாங்கி வருவார்கள். "சில்லறையாவே குடுங்கண்ணே" என்று கேட்கப் பழக்குங்கள். கூட்டத்தில் பெரியவர்கள் பிள்ளையின் தலைக்கு மேலே கையை நீட்டிப் பொருள் வாங்கிக்கொண்டு போவதும் நடக்கும். "அண்ணே, நான்தான் முதல்ல வந்தேன்" என்ற வாக்கியத்தை வீட்டில் நாலு முறை உரக்கச் சொல்லிப் பார்க்காத பிள்ளைக்குக் கடையில் அது வராது. பத்து ரூபாய் நாணயத்தைச் சில கடைகளில் வாங்க மறுப்பார்கள். அப்போது புழக்கத்தில் இருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் அந்தச் சண்டையைப் பிள்ளை தலையில் கட்ட வேண்டாம், ஆரம்பத்தில் நோட்டாகக் கொடுத்து அனுப்புங்கள்.

பாக்கெட் பொருளில் பார்க்க வேண்டியவை இரண்டு: தேதியும் அதிகபட்ச விலையும். அச்சிட்ட விலையில் எல்லா வரியும் அடக்கம். அதற்குக் குறைத்து விற்கலாம், கூட்டி விற்கக் கூடாது. குளிர்பானத்துக்குக் 'கூலிங்' என்று இரண்டு ரூபாய் சேர்த்துக் கேட்டாலும் அப்படித்தான். பிள்ளை அங்கே வாதாட வேண்டியதில்லை, கவனித்து வந்து சொன்னால் போதும். கேட்பது பெரியவர் வேலை. தேவைப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எடை போடும்போது, பொருள் வைப்பதற்கு முன் தராசில் பூஜ்யம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தட்டோடு சேர்த்து நிறுத்துவிடுவது சில நேரம் கைத்தவறாகவும் நடக்கும்.

காய் பொறுக்குவதைத் தொலைவிலிருந்து சொல்லிக்கொடுக்க முடியாது, பக்கத்தில் நின்று கையால் தொட வைக்க வேண்டும். வெண்டைக்காயின் நுனி படக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். ஒன்றிரண்டை ஒடித்துப் பார்த்தால் போதும், கூடையையே ஒடித்தால் கடைக்காரம்மா திட்டத்தான் செய்வார். கத்தரிக்காயில் ஓட்டை இருக்கிறதா என்று காம்புப் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். தேங்காயைக் காதருகே ஆட்டினால் தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும், கண் பக்கம் ஈரமோ பூஞ்சையோ இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். தக்காளியில் நல்லது கெட்டது என்ற ஒரே அளவுகோல் கிடையாது. இன்றைய ரசத்துக்கு நன்கு பழுத்தது, வியாழக்கிழமை சாம்பாருக்குச் செங்காய். என்றைக்குச் சமைக்கப் போகிறோம் என்று சொல்லாமல் "நல்ல தக்காளியா வாங்கிட்டு வா" என்று அனுப்பினால், பிள்ளை வாங்கி வந்தது எப்படியும் தப்பாகத்தான் போகும்.

கைக்காசு

எட்டு வயதுப் பிள்ளைக்கு மாதக் கணக்கில் காசு கொடுப்பது வீண். முதல் வாரத்திலேயே கரைந்துவிடும், மீதி மூன்று வாரம் கெஞ்சல். வாரம் ஒருமுறை, குறித்த கிழமையில், ஒரே தொகை. அந்தக் காசில் எந்தச் செலவு அதன் பொறுப்பு என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள்: தின்பண்டமும் ஸ்டிக்கரும் அதன் காசில், பென்சிலும் நோட்டும் உங்கள் காசில். இந்தப் பிரிவு இல்லாமல் கொடுத்தால் அது வெறும் மிட்டாய்க் காசு. புதன்கிழமையே தீர்ந்துபோனால் அடுத்த கிழமைவரை காத்திருக்கட்டும். இந்த இடத்தில்தான் தாத்தா பாட்டி இரகசியமாகப் பத்து ரூபாயைக் கையில் திணித்து எல்லாவற்றையும் கவிழ்ப்பார்கள். அவர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பாத்திரம் கழுவினால் ஐந்து ரூபாய், துணி மடித்தால் ஐந்து ரூபாய் என்று கூலி பேசுவதும் வேண்டாம். சில வாரங்களில், "எனக்கு இன்னிக்குக் காசு வேணாம், கழுவல" என்ற பதில் வரும். அதற்கு மறுபேச்சு இருக்காது, ஏனென்றால் பேரத்தை ஆரம்பித்தது நாம்.

மண் உண்டியலும் சிறு பிள்ளைக்கு நல்ல ஆசான் இல்லை. போட்டது தெரியாது, எண்ண முடியாது, உடைக்கும் நாளும் பெரியவர் முடிவு. கண்ணாடி ஜாடியில் போட்டால் ஏறுவது தெரியும், எடுத்தால் இறங்குவதும் தெரியும். இலக்கு மூன்று நான்கு வாரத்தில் எட்டக்கூடியதாக இருக்கட்டும். சைக்கிளுக்குச் சேர்க்கச் சொன்னால் பாதியில் மனம் விட்டுப்போகும். பத்து வயது நிறைந்தால் பிள்ளை பெயரிலேயே அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், குறைந்தபட்ச வைப்பு 500 ரூபாய். வங்கிகளிலும் பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தாங்களே கணக்கைக் கையாள 2014 முதல் ரிசர்வ் வங்கி இடம் கொடுத்திருக்கிறது. படிவத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். அடித்தல் திருத்தலோடு இரண்டு படிவம் வீணானால் என்ன?

போனைக் காட்டி ஸ்கேன் செய்யும் வீட்டில் பிள்ளை பணம் குறைவதைப் பார்ப்பதே இல்லை. வாரத்தில் ஒரு கடைவேலையாவது ரொக்கத்தில் நடக்கட்டும். போனைக் கையில் கொடுக்கும் வயதில் ஒரு விதியை மனப்பாடமாக்குங்கள்: பணம் அனுப்பத்தான் பின் நம்பர், பணம் பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் ஒளிக்காமல் உடனே சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு பணம் மீளும் வாய்ப்பு. திட்டுக்குப் பயந்து ஒரு நாள் மறைத்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

அடுப்படி

மகனைக் கடைக்கும் மகளை அடுப்படிக்கும் அனுப்புவது இன்னும் போகவில்லை. இருவருக்கும் இரண்டும் வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை, மேலே போகலாம்.

முதல் சமையலாக டீ போடக் கற்றுக்கொடுப்பது வழக்கம். எளிதாகத் தெரிவதால் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் பொங்கி வழியும் பால், கொதிக்கக் கொதிக்க வடிகட்டுதல் என்று கை வெந்துபோக அதில்தான் வழி அதிகம். ஐந்து ஆறு வயதில் கீரை ஆய்தல், பூண்டு உரித்தல், பட்டாணி உரித்தல். எட்டு வயதில் கத்தி. மழுங்கிய கத்திதான் பத்திரம் என்று நினைப்பது தவறு. அழுத்தி அறுக்க வேண்டியிருப்பதால் வழுக்குவதும் அதுதான். உருளைக்கிழங்கை முதலில் நீங்கள் இரண்டாக வெட்டித் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வைத்துக் கொடுங்கள், உருளாது. பிடிக்கும் கையின் விரல்நுனிகள் உள்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். அரிவாள்மணைக்கு அவசரம் வேண்டாம்.

அடுப்புக்கு வயதைவிட உயரமே அளவு. பாத்திரத்தின் விளிம்பு பிள்ளையின் முழங்கைக்குக் கீழே இருக்க வேண்டும். ஸ்டூல் போட்டு ஏற்றி நிறுத்துவது ஆபத்து, சரிந்தால் கை தானாக அடுப்பைத்தான் பிடிக்கும். கைப்பிடிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல் உட்புறம் திரும்பியிருக்கட்டும். சமைக்கும்போது நைலான் உடை வேண்டாம்.

தொடங்க ரவை உப்புமா நல்ல பாடம். ஒரு கப் ரவைக்கு இரண்டரைக் கப் தண்ணீர். கட்டி தட்டுவது ஏன் என்று சொல்லிக் கொடுங்கள்: வறுக்காத ரவையை மொத்தமாகக் கொதிநீரில் கொட்டினால் வெளிப்புறம் உடனே வெந்து பசையாகி, உள்ளே உலர்ந்த மாவைப் பூட்டிவிடும். அதனால் வறுத்த ரவை, இளந்தீ, ஒரு கையால் தூவிக்கொண்டே மறு கையால் கிளறல். தாளிக்கும்போது தெறிப்பது கடுகால் மட்டுமில்லை, கறிவேப்பிலையின் ஈரத்தாலும்தான். நீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரு நொடியில் ஆவியாகிறது. துடைத்துப் போட்டால் பாதித் தெறிப்பு நின்றுவிடும்.

கிளறுவது பிள்ளை, கழுவுவது அம்மா என்ற ஏற்பாடு வேண்டாம். அடிபிடித்த வாணலியை ஊறவைத்துத் தேய்த்தால்தான் இளந்தீ என்றால் என்ன என்று கைக்குத் தெரியும்.

சுட்டுக்கொண்டால் பற்பசை, இங்க், மஞ்சள், ஐஸ் எதுவும் கூடாது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். வளையலையும் மோதிரத்தையும் வீங்குவதற்கு முன் கழற்ற வேண்டும். எரிவாயு வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடக் கூடாது, எரியும் விளக்கை அணைக்கவும் கூடாது. வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், எனவே கதவையும் திறக்க வேண்டும். சிலிண்டரை மூடுவது பெரியவர் வேலை. பிள்ளை வெளியே போய்ச் சொல்லட்டும். எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906.

சாலையும் பேருந்தும்

அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து வளரும் பிள்ளைகள், "முதலில் இடது, பிறகு வலது" என்று பாடுகின்றன. அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் அது சரி. நம்மூரில் இடப்பக்கம் ஓடுகின்றன, முதல் வண்டி நமக்கு வலப்பக்கத்திலிருந்துதான் வரும். வலது, இடது, மறுபடி வலது. ஒருவழிச் சாலையிலும் எதிர்த்திசையில் பைக் வரும் என்பதால் இரண்டு பக்கமும் பார்த்தே ஆக வேண்டும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவதால் பிள்ளை எதையும் கற்காது. "இப்ப போகலாமா?" என்று அதனிடம் கேளுங்கள், அது சொல்லும்வரை நில்லுங்கள். தப்பாகச் சொன்னால் கை உங்கள் பிடியில்தானே இருக்கிறது. சிறு பிள்ளைகளால் வண்டியின் தூரத்தைச் சொல்ல முடியும், வேகத்தைக் கணிக்க முடியாது. இதற்குப் பல மாதம் பிடிக்கும்.

பேருந்தில் பிள்ளைகள் தவறுவது எண்ணால் அல்ல, திசையால். அதே எண் வண்டி இரு பக்கமும் ஓடும். எண்ணோடு கடைசி ஊர்ப் பெயரையும், சாலையின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இறங்கியதும் பேருந்துக்கு முன்னால் புகுந்து கடக்கக் கூடாது, அது கிளம்பிப் போகட்டும். முதலில் சேர்ந்து போங்கள், ஆனால் டிக்கெட் கேட்பதும் நிறுத்தம் பார்ப்பதும் பிள்ளை. அடுத்து, அதே வண்டியில் நீங்கள் பின் இருக்கையில், தெரியாதவர் போல. நிறுத்தம் தாண்டிப் போனாலும் வாய் திறக்காதீர்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வரும் வழியை அதுவே கேட்டுக் கண்டுபிடிக்கட்டும்.

தனியாக அனுப்பும் நாளில், போன் நம்பர் மனப்பாடம் என்றாலும் சட்டைப்பையில் ஒரு சீட்டிலும் இருக்க வேண்டும், பயத்தில் மனப்பாடம் மறக்கும். வழி தவறினால் நடந்துகொண்டே தேடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். உதவி கேட்க நடத்துநர், கடைக்காரர், பிள்ளையோடு நிற்கும் அம்மா. யாருடைய போனிலிருந்தும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் காசில்லாமல் அழைக்கலாம் என்பதையும் சொல்லி வையுங்கள். திரும்பும் பயணத்துக்கான காசு தனிப் பையில் இருக்கட்டும், முறுக்குக் கடை வழியில்தான் இருக்கிறது.