மைக்ரோவேவில் பாதுகாப்பாகச் சூடாக்குவது எப்படி?

மைக்ரோவேவில் வைத்த சாப்பாட்டில் கதிர்வீச்சு தங்கிவிடும் என்ற பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. தங்காது. அடுப்புக்குள் இருக்கும் மேக்னட்ரான் என்ற கருவி 2,450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்காந்த அலைகளை உண்டாக்குகிறது. அவை உணவில் உள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடேற்றும். எக்ஸ் கதிரைப்போல அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கும் வலு அவற்றுக்குக் கிடையாது. விளக்கை அணைத்ததும் அறையில் வெளிச்சம் மிஞ்சாதது மாதிரி, அடுப்பு நின்றதும் அலையும் போய்விடும்.

நான் கவலைப்படுவது இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று, உணவை வைக்கும் பாத்திரம். இன்னொன்று, ஓரம் கொதிக்கும்போதும் சூடேறாமல் கிடக்கும் நடுப்பகுதி. கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டைப் பற்றித்தான்.

படி 1: கதவு

கதவு இறுக்கமாக மூடுகிறதா, கீல் ஆடுகிறதா, விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கதவுக் கண்ணாடிக்குள் தெரியும் உலோக வலையின் துளைகள் ஓரிரு மில்லிமீட்டர்தான். அலையின் நீளமோ சுமார் 12 சென்டிமீட்டர். அதனால் வெளிச்சம் வெளியே வருகிறது, அலை தடைபடுகிறது. அமெரிக்க விதிப்படி, 5 செ.மீ. தள்ளி அளக்கும்போது கசிவு ஒரு சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது, அதுவும் அடுப்பின் ஆயுள் முழுக்க. ஒரு கை தூரம் தள்ளி நின்றால் அதுவும் வெகுவாகக் குறைந்துவிடும். கதவு கோணிப்போன அடுப்பை மட்டும் பழுது பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

படி 2: பாத்திரம்

என் தேர்வு கண்ணாடி. சூடு தாங்கும் போரோசிலிக்கேட் கண்ணாடிப் பாத்திரம் இரண்டு அளவில் இருந்தால் அன்றாட வேலை எல்லாம் முடிந்துவிடும். உலோகப் பூவேலையோ தங்கக் கரையோ இல்லாத பீங்கானும் சரி. மெலமைன் தட்டு வேண்டவே வேண்டாம்.

பிளாஸ்டிக் டப்பாவில் 'மைக்ரோவேவுக்கு ஏற்றது' என்று போட்டிருந்தால், அது உருகாது, வளையாது என்றே முதலில் பொருள். சூடும் கொழுப்பும் சேரும்போது சில பிளாஸ்டிக்குகளிலிருந்து பிஸ்பெனால் ஏ, தாலேட் போன்ற வேதிப்பொருள்கள் உணவுக்குள் இறங்கக்கூடும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கத் தொடங்கிவிடும், ஆனால் எண்ணெய் அதையும் தாண்டிச் சூடேறும். எண்ணெய் மிதக்கும் குழம்பைப் பிளாஸ்டிக்கில் சூடாக்காதீர்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வது அதனால்தான். டப்பாவில் இருப்பதைக் கண்ணாடிக்கு மாற்ற அரை நிமிடம்கூட ஆகாது.

ஒரு பீங்கான் பாத்திரத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், அதைக் காலியாக உள்ளே வைத்துப் பக்கத்தில் ஒரு குவளை தண்ணீரும் வையுங்கள். ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் ஆறியே இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். பாத்திரமே சுட்டால் ஒதுக்கிவிடுங்கள். தண்ணீர்க் குவளை இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, காலி அடுப்பை ஓட்டினால் மேக்னட்ரான் கெட்டுவிடும்.

படி 3: சூடாக்குதல்

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது இந்தப் படிதான். தட்டின் ஓரத்தில் ஆவி பறக்கும், நடுவில் விரல் வைத்தால் குளிர்பெட்டிச் சில்லிப்பு அப்படியே இருக்கும். காரணம் இரண்டு. அலைகள் உணவுக்குள் ஓரிரு அங்குல ஆழம்வரைதான் போகும். அதற்கு உள்ளே இருப்பது வெளிப்பகுதியின் சூடு மெல்லப் பரவித்தான் வேகவேண்டும். அடுத்து, அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று கலப்பதால் அடுப்புக்குள்ளேயே சில இடங்கள் அதிகம் சூடேறும், சில இடங்கள் சும்மா கிடக்கும். சுழல்தட்டு இருப்பது அதைச் சமாளிக்கத்தான். ஆனால் தட்டின் மையத்தில் வைத்த உணவு சுழன்றாலும் அதே இடத்தில்தானே நிற்கிறது!

அதனால் உணவை மையத்திலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். குவியலாக வைக்காமல் பரப்பி, நடுவில் பள்ளம் விடுங்கள். ஆவி தப்பச் சிறு இடைவெளி விட்டு மூடுங்கள், அந்த ஆவி மேற்பரப்பையும் சூடாக்கும். முழு வலுவில் மூன்று நிமிடம் ஒரேயடியாக ஓட்டுவதைவிட, நடுத்தர வலுவில் ஒன்றரை நிமிடம் ஓட்டி, எடுத்துக் கிளறி, மறுபடி வைப்பது எப்போதும் நல்லது. முடிந்ததும் இரண்டு நிமிடம் மூடியபடியே இருக்கட்டும். சமையல் குறிப்புகளில் வரும் 'ஆறவிடவும்' என்ற வரியை எல்லாரும் தாண்டிப்போகிறோம், ஆனால் நடுப்பகுதி வேகும் நேரம் அதுதான்.

அப்புறம், நடுவில் குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். இந்தச் சமையலுக்கு வாங்கத் தகுந்த ஒரே கூடுதல் கருவி அதுதான் என்பேன். மீந்த உணவின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொடவேண்டும். இறைச்சி, கோழி என்றால் மூன்று நான்கு இடத்தில் குத்திப் பாருங்கள்.

படி 4: உங்கள் அடுப்பின் வலு

சமையல் குறிப்பில் சொன்ன நேரம் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் வாட் வேறாக இருக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முழு வலுவில் 2 நிமிடம் வைத்து, கலக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எத்தனை டிகிரி ஏறியதோ அதை 35-ஆல் பெருக்கினால் தோராயமான வாட் கிடைக்கும். 20 டிகிரி ஏறினால் 700 வாட்.

பிறகு சேர்த்தவை

சத்து போய்விடாதா என்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். வைட்டமின் சி சூட்டிலும் அழியும், தண்ணீரிலும் கரையும். நிறையத் தண்ணீரில் காயை வேகவைத்து வடிப்பதைவிட, இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி மைக்ரோவேவில் சில நிமிடம் வைப்பதில் பெரும்பாலும் இழப்பு குறைவு.

கைப்பேசியை உள்ளே வைத்து அழைத்தால் மணி அடிக்கிறதே, கசிவு இருக்கிறதா என்றும் கேள்வி வந்தது. மிக மிக மெல்லிய சமிக்ஞையையும் பிடிக்கும்படிச் செய்யப்பட்டது கைப்பேசி. அதை வைத்துக் கசிவின் ஆபத்தைக் கணிக்க முடியாது. (தப்பித்தவறியும் அடுப்பை இயக்கிவிடாதீர்கள்.)

தண்ணீரைத் தனியாகச் சூடாக்குபவர்கள் கவனிக்க: வழவழப்பான குவளையில் அது குமிழி விடாமலே 100 டிகிரியைத் தாண்டிப்போகலாம். ஸ்பூனையோ காபித் தூளையோ போட்டதும் சீறி எழும். உள்ளே வைக்கும்போதே ஒரு மரக்கரண்டியைப் போட்டுவிடுங்கள்.

குழந்தைக்கான பால் புட்டியை மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. புட்டி தொட வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் வாய் வெந்துபோகும் அளவு சூடு இருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை நிறுத்திச் சூடாக்குங்கள்.

சோறு பற்றியும் சொல்லவேண்டும். இரவெல்லாம் வெளியே கிடந்த சோற்றைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினாலும் பயனில்லை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமைத்தபிறகும் பிழைத்திருக்கும். அது சோற்றில் விட்டுவைக்கும் நஞ்சு மறுசூட்டில் அழியாது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போன சோற்றை மட்டும் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.