முதலில் நிறுத்தப் பழகுங்கள்: பெங்களூரில் லாரி ஓட்டக் கற்பவர்களுக்கு

பொம்மசந்திரா, பீன்யா பக்கம் லோடு ஏற்றும் இடங்களில் நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலத்துப் பையன்களைப் பார்க்கலாம். கிளீனராக ஏறி, டிரைவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே தொழில் பழகுகிறார்கள். கியர் போடுவது சீக்கிரம் கைக்கு வந்துவிடும். பாரத்தோடு வண்டியை நிறுத்துவதையும், நடுவழியில் நின்றுபோன வண்டியை என்ன செய்வது என்பதையும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அதனால் இங்கே அதற்குத்தான் அதிக இடம்.

1. லைசென்ஸ்

கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும், வயது 20 முடிந்திருக்க வேண்டும். டாக்டர் தரும் படிவம் 1ஏ, டிரைவிங் ஸ்கூல் தரும் படிவம் 5 இரண்டும் தேவை. எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) கைக்கு வராமல் யார் சொன்னாலும் ரோட்டில் ஸ்டியரிங் பிடிக்காதீர்கள். ஏதாவது ஆனால் இன்சூரன்ஸும் நிற்காது.

2. சாவி போடும் முன்

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். இன்ஜின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், ஃபேன் பெல்ட், கீழே ஏதாவது ஒழுகல். ஸ்பிரிங் பட்டையில் விரிசல் இருக்கிறதா, அதை அச்சோடு பிடித்திருக்கும் யு-போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பிறகு லிவரால் (டயர் கழற்றும் இரும்புக் கம்பி) ஒவ்வொரு டயரையும் தட்டுங்கள். காற்று நிறைந்த டயர் 'டங்' என்று லிவரைத் திருப்பி எறியும். காற்று இறங்கியது மந்தமாகச் சத்தம் தரும். பின்னால் ஜோடி டயரில் உள்பக்கம் பஞ்சரானால் வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாது. அப்படியே ஓட்டினால் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும்.

3. காற்று

லாரியில் பிரேக் பிடிப்பது காற்று. இன்ஜின் ஓடும்போது கம்ப்ரசர் டேங்கில் காற்றை நிரப்புகிறது. மீட்டர் ஏழெட்டு 'பார்' (காற்றழுத்த அளவு) காட்டி, காற்று குறைவு என்று எச்சரிக்கும் பஸ்ஸர் நின்ற பிறகே ஹேண்ட் பிரேக்கை எடுங்கள். காற்று போதாவிட்டால் பின்சக்கரத்தை ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்து இழுத்தால் கிளட்ச் பிளேட்தான் தேயும்.

தினமும் ஒரு சோதனை: சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, காற்று நிறைந்ததும் இன்ஜினை அணைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்து மீட்டரைப் பாருங்கள். முள் தொடர்ந்து இறங்கினால் எங்கோ கசிகிறது. காதை வைத்துக் கேட்டால் 'உஸ்' சத்தம் இடத்தைக் காட்டிவிடும். ஏர் டேங்க் அடியில் இருக்கும் வால்வை இழுத்துத் தேங்கிய தண்ணீரை வெளியேற்றுங்கள்.

4. ஓட்டமும் இறக்கமும்

காலி வண்டியில், காலி இடத்தில் தொடங்குங்கள். பழைய வண்டியானாலும் புதியதானாலும் கிளட்ச் மீது கால் வைத்தே ஓட்டும் பழக்கம் வேண்டாம். பின்சக்கரம் உள்வாங்கித் திரும்பும் என்பதால் வளைவில் அகலமாகப் போங்கள். ரிவர்ஸுக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும். அவர் கண்ணாடியில் மறைந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

ஓசூர் வழியாகச் சேலம் போகிறவர்களுக்குத் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே இறங்கும் தொப்பூர் கணவாய் தெரியும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குவதைப் போல் உயிரைப் பறிக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் வேறில்லை. நியூட்ரலில் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது. முழு எடையும் பிரேக் மேல் விழும். பிரேக் டிரம் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். இன்ஜினையே அணைத்தால் கம்ப்ரசரும் நிற்கும், பவர் ஸ்டியரிங்கும் போகும். எனவே இறக்கம் தொடங்கும் முன்பே, அதே மேட்டை ஏற எந்த கியர் தேவையோ அதற்கு வந்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) போடுங்கள். பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே இருக்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும்.

5. வண்டி நின்றுவிட்டால்

முதல் வேலை ரிப்பேர் கிடையாது. இடதுபக்கம் ஒதுக்கி, ஹசார்ட் லைட் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்னால் தள்ளி எச்சரிக்கை முக்கோணம் வையுங்கள். ராத்திரியில் நின்ற லாரி மேல் வந்து மோதிச் சாகிறவர்கள் நம் நெடுஞ்சாலைகளில் ஏராளம். நகர்த்தவே முடியாவிட்டால் 1033க்கு அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவி வரும்.

*சூடேறினால்:* பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் கொட்டியிருந்தாலோ உடனே அணையுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். பீய்ச்சும் நீராவி முகத்தை வெந்துபோக வைக்கும்.

*டீசலில் ஏர் லாக்:* டீசல் வரும் குழாயில் காற்று புகுந்து அடைத்துக்கொள்வது. டேங்க் காலியானாலோ ஃபில்டர் மாற்றினாலோ வரும். ஃபில்டர் மேலுள்ள கைப்பம்ப்பை அது இறுகும் வரை அடியுங்கள். பழைய இன்ஜினில் ஃபில்டரின் ப்ளீடிங் போல்ட்டைத் தளர்த்திக் குமிழி நிற்கும் வரை அடிப்பார்கள். காமன் ரெயில் இன்ஜினில் (புது வண்டிகளில் வரும் உயர் அழுத்த டீசல் இன்ஜின்) இன்ஜெக்டர் பைப்பைத் தொடவே வேண்டாம். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

*இழுவை குறைந்தால்:* பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில், புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்ப்ளூ திரவம் தீர்ந்திருக்கலாம். அதற்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஆட்ப்ளூவை டீசல் டேங்கில் ஊற்றிவிடாதீர்கள். நீல மூடி போட்ட டேங்க்தான் ஆட்ப்ளூவுக்குரியது.

*டயர் போனால்:* நட்டுகளை ஜாக்கி தூக்கும் முன் தளர்த்துங்கள். ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைய வேண்டாம். மாற்றிய பின் நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

ஸ்பிரிங் பட்டை உடைந்தாலோ, பிரேக் காற்று நிற்காவிட்டாலோ, ஸ்டியரிங் ஆட்டம் கண்டாலோ ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ஓனரிடம் அவசரம் இருக்கும், கோபமும் வரும். "வண்டி நகராது அண்ணே, மெக்கானிக்கை அனுப்புங்க" என்று சொல்லப் பழகுங்கள். போனில் மெக்கானிக்கிடம் வண்டி மாடல், நிற்கும் இடம், டேஷ்போர்டில் எரியும் விளக்கு, நிற்பதற்கு முன் கேட்ட சத்தம், லோடு எத்தனை டன் என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லுங்கள். அவர் சரியான பாகத்தைக் கையோடு எடுத்து வருவார்.