கடையின் கொள்கையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பகுதியில் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதிவரும் என்னிடம், கடன் விண்ணப்பத்துக்கான திட்ட அறிக்கையோடு ‘எங்கள் நம்பிக்கையும் நோக்கமும்’ என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படியும் பலர் கேட்கிறார்கள். அந்தப் பக்கத்தில் நேரும் பிழைகள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் வருபவை: கடையில் அன்றாடம் நடப்பதைப் பார்க்காமல், பெரிய நிறுவனங்களின் ‘விஷன்’, ‘மிஷன்’ வாசகங்களைப் பார்த்து எழுதுகிறோம்.

மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் மெஸ் நடத்தும் ஓர் அம்மா கொண்டுவந்த வரைவில், ‘உலகத் தரமான உணவு, வாடிக்கையாளரின் மனநிறைவே எங்கள் இலட்சியம்’ என்று இருந்தது. அதே வரியை ஆம்பூர் பிரியாணிக் கடையிலும் காட்பாடி டீக்கடையிலும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் மாட்டிவிடலாம் என்பதே அதன் குறை. உங்களிடம் யார் சாப்பிட வருகிறார்கள் என்று கேட்டேன். வங்காளத்திலிருந்து சிகிச்சைக்காக வந்து, வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கியிருப்பவர்களே அதிகம் என்றார். அவர்களுக்காகக் காரம் போடாத பருப்பும் குழைய வடித்த சோறும் தினமும் தனியாக எடுத்துவைப்பதாகவும், முழுச் சாப்பாடு இறங்காதவருக்கு அரைச் சாப்பாட்டை அரை விலைக்கே தருவதாகவும் சொன்னார். எழுத வேண்டியது இதுதான். வரைவில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

நோக்கத்தையும் நம்பிக்கையையும் ஒன்றாகக் குழப்புவது அடுத்த தவறு. யாருடைய எந்தத் தேவைக்காகக் கடை திறந்திருக்கிறது என்பது நோக்கம். நஷ்டம் வந்தாலும் எதைச் செய்யமாட்டோம் என்பது நம்பிக்கை. நேற்றைய குழம்பைச் சூடுபடுத்திப் பரிமாறுவதில்லை என்று அந்த அம்மா எழுதினால், மீந்த குழம்பின் செலவை அவர் ஏற்கிறார் என்று பொருள். ‘ஐந்து ஆண்டுகளில் மூன்று கிளைகள்’ என்பது இந்த இரண்டிலும் சேராது. அது திட்ட அறிக்கையில் இருக்க வேண்டிய இலக்கு.

சட்டப்படி செய்தே ஆக வேண்டியதைப் பெருமையாக எழுதுவதும் பரவலாக இருக்கிறது. சரியான எடை, முறையான ரசீது, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் ஆகியவை கடமைகள். குறு, சிறு நிறுவனங்களிடம் பொருள் வாங்குபவர், ஒப்பந்தத்தில் அதிக நாள் குறித்திருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகவே, ஷூவின் மேல்பகுதியை (அப்பர்) வெளியாட்களிடம் கொடுத்துத் தைத்து வாங்கும் ஒருவர் ‘எங்களுக்கு வேலை செய்து தருபவர்களை மதிக்கிறோம்’ என்று எழுதுவதைவிட, ‘தையல் கூலியைச் சனிக்கிழமைதோறும் தீர்த்துவிடுகிறோம்’ என்று எழுதினால்தான், சட்டம் கேட்பதற்கு மேல் அவர் என்ன செய்கிறார் என்பது தெரியும்.

சுற்றுச்சூழலைப் பற்றி எழுதும்போது நம் பகுதியில் கூடுதல் கவனம் தேவை. பாலாற்றுப் பகுதியில் தோல் பதனிடும் தொழிற்கூடங்களின் கழிவைப் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; கிணற்று நீர் கெட்டதை நேரில் கண்ட குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. குரோமிய உப்பு என்ற ரசாயனத்தால் பதனிட்ட தோலை வாங்கிப் பர்ஸ் தைப்பவர் ‘இயற்கைக்கு இணக்கமானது’ என்று பலகை வைப்பது அவர்களை அவமதிப்பதாகும். தோல் எந்தத் தொழிற்கூடத்திலிருந்து வருகிறது, அதன் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா என்று முதலில் விசாரித்து, தெரிந்த அளவுக்கு மட்டுமே எழுத வேண்டும். தவறான விளம்பரம் என்று எவரேனும் புகார் கொடுத்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அந்தப் பலகைக்கே பதில் சொல்ல நேரிடலாம்.

முதலாளி தனியாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதி, ஃபிரேம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டிவிடுவதும் தவறே. வேலை செய்பவர்கள் எதிரில் வரிவரியாகப் படித்துக் காட்ட வேண்டும். எந்த வரியில் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களோ, அந்த வரியைத் திருத்த வேண்டும். அந்த மெஸ்ஸில் அப்படிப் படித்தபோது, மதியம் கூட்டம் நெரியும் நேரத்தில் அரைச் சாப்பாடு தர முடிவதில்லை என்று பரிமாறும் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார். ‘பகல் இரண்டு மணிக்குப் பிறகும் இரவிலும்’ என்று அந்த வரி மாறியது. இப்போது அந்தப் பலகை, தமிழிலும் வங்காளத்திலும் எழுதப்பட்டு, கை கழுவும் இடத்துக்கு மேலே இருக்கிறது.