மிக்ஸர் ஸ்க்ரூவில் கை வைப்பதற்கு முன்னால்

சென்னையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த என் 1989 மாடல் மெர்சிடீஸ் 230 இ, பெங்களூர் வந்த இரண்டாவது வாரமே சில்க் போர்டு சிக்னலில் நின்றபடி உதற ஆரம்பித்தது. அல்சூரில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "மிக்ஸர் அவுட்டுங்கண்ணா. கால் சுத்து வச்சா சரியாயிடும்" என்றார். மிக்ஸர் என்று அவர் சொன்னது பெட்ரோலும் காற்றும் கலக்கும் விகிதத்தை, அதைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்க்ரூ உண்டு. கார்புரேட்டர் காலத்துக் கை அவருக்கு. எனக்கும் அப்படித்தான், வண்டியோ இன்ஜெக்ஷன் வகை. நானே செய்துகொள்கிறேன் என்று வீட்டுக்கு வந்து 3 எம்எம் ஆலன் கீயை எடுத்தேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

கால் சுற்று வைத்தேன், உதறல் குறைந்தது. இன்னும் கால் சுற்று, இன்னும் குறைந்தது. நாலு நாளில் பிளக்கெல்லாம் கரி. டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தால் ஆயிலில் பெட்ரோல் வாடை. கடைசியில் பார்த்தால் காற்றளக்கும் தட்டுக்குக் கீழே ஒரு ரப்பர் எல்போவில், வளைந்த குழாயில், விரல் நீளத்துக்கு வெடிப்பு. அளவில் வராத காற்று அந்த வழியாகப் புகுந்து கலவையை லீனாக்கியிருக்கிறது, அதாவது காற்று மிஞ்சி பெட்ரோல் போதாமல் போயிருக்கிறது. நான் பெட்ரோலை ஏற்றி ஏற்றி அதை மூடி மறைத்திருக்கிறேன். எல்போவை மாற்றியதும் வண்டி புகையாய்க் கக்கியது. பழைய இடத்துக்குத் திருப்பலாம் என்றால் எத்தனை சுற்று திருப்பினேன் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஆக, பெரிய தவறு இதுதான்: கோளாறைத் தேடாமல் ஸ்க்ரூவைத் தேடுவது. கலவை தானாக மாறாது, வேறு ஏதோ மாறியிருக்கும். ரப்பர் ஹோஸ், பிளக், ஏர் ஃபில்டர், இக்னிஷன் டைமிங், வால்வ் இடைவெளி எல்லாம் பார்த்த பிறகுதான் மிக்ஸர். காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க ஓரடி ரப்பர் டியூப் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு இணைப்பருகிலும் கொண்டுபோனால் உஸ்ஸென்ற சத்தம் தெளிவாகக் கேட்கும். ஃபேன், பெல்ட் பக்கம் மட்டும் டியூபும் கையும் போகவேண்டாம். சூடான மேனிஃபோல்டில் (காற்று சிலிண்டர்களுக்குப் பிரிந்து போகும் குழாய்) ஸ்ப்ரே அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் தைரியம் இல்லை, தீப்பிடிக்கிற சமாச்சாரம்.

கூலன்ட் வெப்பநிலை சென்ஸாரை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. பழைய பாஷ் வகை சென்ஸார் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டவேண்டும். வயர் விட்டுப்போனால் வண்டியின் கம்ப்யூட்டர், எஞ்சின் இன்னும் குளிரில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு மல்டிமீட்டரும் அஞ்சு நிமிஷமும் இருந்தால் இது தெரிந்துவிடும். ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால் முதலில் ஆயிலை மாற்றுங்கள். அந்த ஆவி, எஞ்சினின் மூச்சுக்குழாயான பிரீதர் ஹோஸ் வழியாக மறுபடி உள்ளே போய், நீங்கள் எவ்வளவு லீன் செய்தாலும் ரிச்சாகவே, அதாவது பெட்ரோல் மிஞ்சியதாகவே, காட்டும்.

சரி, எந்த ஸ்க்ரூ? இதிலேயே பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். த்ராட்டில் பாடியில் (ஆக்ஸிலரேட்டர் திறந்து மூடும் காற்று வழி) இருப்பது ஐடிலிங், அதாவது வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்துக்கானது. அது காற்றை மட்டும்தான் கூட்டும், குறைக்கும். த்ராட்டில் மூடும் இடத்தில் ஒரு ஸ்டாப் ஸ்க்ரூ இருக்கும், அதைத் தொடவே கூடாது. கலவையை மாற்றுவது வேறு. கதவு போல அசையும் மடிப்புள்ள ஏர்ஃப்ளோ மீட்டர் வண்டியில் அந்த மீட்டரிலேயே இருக்கும். உள்ளே திருகினால் பைபாஸ் காற்று குறைந்து ரிச்சாகும். என் வண்டியில் இருக்கும் கேஇ ஜெட்ரானிக் என்ற பாஷ் இன்ஜெக்ஷனில் ஆலன் கீயை அழுத்திப் பிடித்துத் திருப்பவேண்டும், வலம் திருப்பினால் ரிச். துளித்துளியாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் கீயை வெளியே எடுத்துவிட்டுத்தான் ஆக்ஸிலரேட்டரைத் தொடவேண்டும். கீ உள்ளே இருக்கும்போது முறுக்கினால் காற்றளக்கும் தட்டின் கைப்பிடி வளைந்துவிடும். அதற்கு அப்புறம் ட்யூனிங் என்ற பேச்சுக்கே இடமில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் வந்த, கம்ப்யூட்டர் பெட்ரோல் அளந்து பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ கார் வைத்திருப்பவர்கள் முதலில் புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்ஸார் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கலவையைக் கம்ப்யூட்டரே திருத்திக்கொள்கிறது, நீங்கள் திருப்ப அங்கே ஒன்றும் இல்லை. இந்த வகைக் கார் பலவற்றில் மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துத்தான் பெட்ரோல் கணக்கு. அதனால் ஹோஸ் வெடித்தால் உதறுவதைவிட ஐடிலிங் ஏறிப்போவதுதான் அதிகம்.

இங்கே ஊரின் உயரத்தையும் சொல்லவேண்டும். பெங்களூர் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. காற்றின் அடர்த்தி சென்னையைவிட எட்டொன்பது சதவீதம் குறைவு. உயரத்துக்குத் திருத்தும் பாகம் இல்லாத மடிப்பு மீட்டர் வண்டி இங்கே நாலைந்து சதவீதம் ரிச்சாக ஓடும். மறுபக்கம், இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோலுக்கு எடையில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், இதற்கு 13.5 போல. பழைய செட்டிங்கில் அது சுமார் எட்டு சதவீதம் லீன். ஒன்று ஏற்றுகிறது, மற்றது இறக்குகிறது. ஆகவே பெங்களூரில் நீங்கள் திருப்பவேண்டியது, திருப்பவேண்டும் என்றே இருந்தாலும், ரொம்பக் கொஞ்சம்தான். இங்கே வைத்த அளவோடு கிருஷ்ணகிரி இறங்கி சென்னை போனால் அங்கே இன்னும் லீனாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

காதை நம்புவதும் தவறுதான். கொஞ்சம் ரிச்சாக ஓடும் எஞ்சின்தான் காதுக்கு இதமாக இருக்கும். கார்பன் மோனாக்ஸைடு 1 சதவீதமா 3 சதவீதமா என்று எந்தக் காதுக்கும் தெரியாது. எமிஷன் சென்டரில் கூட்டமில்லாத மத்தியான நேரமாகப் போய், மெஷினை இன்னும் பத்து நிமிஷம் வைத்துக்கொள்ளக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகை விதி வருவதற்கு முந்தைய பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் 3 சதவீதம் வரை பாஸ், ஸ்டேஜ் 2, 3 என்றால் 0.5. பாஸ் ஆனதால் செட்டிங் சரி என்று அர்த்தமில்லை. பழைய வண்டிகளில் கம்பெனி அளவு பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், உங்கள் மேனுவலைப் பாருங்கள். சைலன்ஸரில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து மெஷின் பொய் சொல்லும்.

எஞ்சின் முழுசாகச் சூடாகியிருக்கவேண்டும், ஏசியும் ஹெட்லைட்டும் அணைந்திருக்கவேண்டும், ரேடியேட்டர் ஃபேன் சுற்றாத நேரமாகப் பார்க்கவேண்டும். இந்த வேலையை அப்பார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் மட்டும் செய்யாதீர்கள். நான் செய்தேன். பத்து நிமிஷத்தில் தலை கனத்தது. மோனாக்ஸைடுக்கு வாடையே கிடையாது. அதற்கப்புறம் எப்போதும் தெருவில்தான். வாட்ச்மேன் திட்டினாலும் பரவாயில்லை.

இப்போது என் பானெட்டின் உள்பக்கம் மாஸ்கிங் டேப்பில் ஒரு வரி ஒட்டியிருக்கிறது: தேதி, எந்தப் பக்கம் எத்தனை சுற்று திருப்பினேன், மெஷின் காட்டிய அளவு. எல்போவை ஜே.சி. ரோட்டில் மூன்று கடை ஏறி வாங்கியபோது கையோடு இன்னொன்றும் வாங்கி டிக்கியில் போட்டு வைத்தேன்.